தொட்டிக்கும் சுவருக்கும் இடையில்

2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து மாலைப்பொழுதொன்றில் எமது வீட்டுக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்து பார்த்தோம். கீழ்த்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். பதினொரு ஆண்டுகளாக எமக்குக் கீழே குடியிருப்பவர். பொங்கலும் பலகாரமும் இரு வீட்டுக்கும் மாறிமாறிப் போய்வருகின்ற உறவு. அன்று அவருடைய கையில் பலகாரத் தட்டு இல்லை. உள்ளங்கை அகலமான சீமெந்துப் பூச்சுத் துண்டொன்று இருந்தது.

"தம்பி, குறை நினைக்கப்படாது. இது இண்டைக்கு விடியப்புறம் அம்மாவின்ர கட்டிலில விழுந்தது. தலையணையிலயிருந்து ஒரு சாண்தான்" என்றார்.

அவருடைய தாயாருக்கு அப்பொழுது வயது எண்பத்தாறு. கீழே சென்று பார்த்தபோது, முதியவர் படுக்கும் கட்டிலுக்கு நேர்மேலே, முகட்டில், தேசப்படம் விரித்தாற்போன்று பழுப்பு நிறக் கறையொன்று படர்ந்திருந்தது. அதன் நடுவிலே பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தது. கம்பியில் துரு ஏறியிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்த அறைக்கு நேர்மேலே இருப்பது எமது குளியலறை.

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வாளியால் அள்ளி வார்த்துக் குளித்து வளர்ந்தவர்கள் இத்தகைய தொல்லையை அறிந்திருக்க நியாயமில்லை. அங்கே குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் போய்விடும். இடையிலே சிறிது கசிந்தாலும் முறையிட வருவதற்கு எவரும் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில், கடலோசை கேட்கும் மாடிக் குடியிருப்பொன்றின் மூன்றாம் தளத்தில் வாழும்போது கதை வேறு. இங்கே எமது தரை அடுத்தவருடைய கூரை. அது போதாதென்று, இந்த வீட்டை முன்னர் வைத்திருந்தவர் குளியலறையில் நீண்ட குளியற்றொட்டி ஒன்றையும் பொருத்திவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகளுக்கு அதன்மீது கொள்ளை ஆசை. எமக்கோ, உண்மையைச் சொன்னால், வாளிதான் பிடிக்கும்.

மூன்று முறை அடைத்தும் மூடாத வாய்

குளியற்றொட்டியின் விளிம்பும் சுவரிலே பதித்த பளிங்கோடும் சந்திக்கின்ற இடத்தில் ஒரு நீண்ட கோடு இருக்கும். பேச்சுவழக்கில் 'ரைல்ஸ்' என்று நாம் சொல்லுகின்ற அந்த ஓடுகளின்மேல் விழும் நீர் வழிந்து வந்து அக்கோட்டிலேதான் தங்கும். எமது வீட்டில் அந்தக் கோட்டை அடைப்பதற்கு, இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை மேசனார் ஒருவரை அழைத்திருந்தோம். மூன்று முறையும் அவர் வெள்ளைச் சீமெந்தைக் குழைத்து, விரலால் அழகாகத் தேய்த்துவிட்டுச் சென்றார். மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடியது. பின்னர் சீமெந்து துண்டு துண்டாகப் பெயர்ந்து தொட்டிக்குள் விழுந்தது. அதை நாம் பெரிதாகக் கருதவில்லை. பார்வைக்கு அழகில்லை என்று மாத்திரம் எண்ணினோம்.

ஆகவே கூரையில் நீர் இறங்குகிறது என்று கேட்டபோது எமது ஐயம் அந்தச் சிறு வெடிப்பின் பக்கம் திரும்பவேயில்லை. அழைத்துவந்த குழாய் வேலைக்காரரும், "தரைக்குள்ளே போகிற குழாய்தான் உடைந்திருக்கிறது. தரை முழுவதையும் கிளப்பவேண்டும்" என்று தீர்ப்புக் கூறினார். அவர் சொன்ன செலவுத் தொகையைக் கேட்டு எமக்குத் தலைசுற்றியது. அந்த ஆண்டு நாட்டிலே பொருள்களின் விலை எந்த நிலையில் இருந்தது என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நாம் தயங்கினோம். நாட்கள் சென்றன. கீழ் வீட்டார் கட்டிலை அறையின் மறுமூலைக்கு நகர்த்திவிட்டு, கறைக்குக் கீழே ஒரு பேசினை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். படிக்கட்டிலே சந்தித்தால் ஆசிரியர் தலையை அசைப்பார், பேசமாட்டார். அவ்வருடப் பிள்ளையார் கதைக்கு எமது வீட்டிலிருந்து போன மோதகம், தட்டுக் கழுவித் திரும்பி வந்தது. தட்டுத்தான் வெறுமையாக வந்தது. தட்டை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் அவர்கள் வீட்டில் ஒருபோதும் இருந்ததில்லை.

எம்முடன் தங்கி உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்றுக்கொண்டிருந்த மருமகள்தான் ஒருநாள் இரவு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தாள். "மாமா, உடைக்கிறதுக்கு முதல் சோதிச்சுப் பாப்பம். எல்லாத்தையும் ஒண்டாச் சந்தேகப்பட்டா ஒண்டையும் பிடிக்கேலாது" என்றாள். தரையை உடைக்கும் ஆயத்தத்தில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் அவள் வகுத்த முறையை விரித்தே சொல்லுகிறோம்.

முதலாம் நாள், வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் நீர்மானியைப் பார்த்திருந்தோம். முள் அசையவில்லை. ஆகவே நீரைக் கொண்டுவருகின்ற குழாய் உடையவில்லை. அக்குழாயில் எப்பொழுதும் அழுத்தம் இருப்பதால், அதில் ஓட்டை இருந்தால் மானி ஓடியே தீரும்.

இரண்டாம் நாள், சுவரிலே ஒரு துளியும் படாதவாறு தொட்டிக்குள் நீரை நிரப்பி மூன்று மணி நேரம் விட்டோம். கீழே பேசின் காய்ந்தபடியே இருந்தது. தொட்டியில் ஓட்டை இல்லை.

மூன்றாம் நாள், மேல்விளிம்புக்கு அருகிலுள்ள வழிதுளை வழியே சிறிது வழியும்வரை நிரப்பி, பின்னர் அடைப்பை இழுத்து முழு நீரையும் ஒரே மூச்சில் வெளியேற்றினோம். அப்பொழுதும் கீழே துளி இல்லை. கழிவுக் குழாயும் அதன் பொருத்தும் குற்றமற்றவை. தரையைக் கிளப்பச் சொன்னவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பது அப்போது எமக்கு ஞாபகம் வந்தது.

நான்காம் நாள், வெள்ளைத் துணிக்குப் போடுகின்ற சலவை நீலத்தை ஒரு வாளி நீரிலே கரைத்து, குவளையால் அள்ளி, தொட்டியும் சுவரும் சந்திக்கும் கோட்டின் வழியே மெல்ல மெல்ல வார்த்தோம். இருபது நிமிடம் கழிந்திருக்கும். தொலைபேசி ஒலித்தது. பேசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்திருந்த ஆசிரியரின் குரல். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் எம்மோடு பேசிய முதல் வார்த்தை அது.

"தம்பி, நீலமா வருது."

நீர் நடந்த பாதை

நிகழ்ந்தது இதுதான். சுவரில் வழிந்த நீர் வெடிப்பின் வழியே தொட்டியின் பின்புறம் இறங்கியிருக்கிறது. தொட்டிக்கு அடியிலுள்ள தரையிலே, எவர் கண்ணிலும் படாத அந்த இருட்டில் தேங்கியிருக்கிறது. கழிவுக் குழாய் இறங்குவதற்காகக் கொங்கிறீற்றுத் தளத்திலே இட்டிருந்த துளையைச் சுற்றிச் சரியாகப் பூசப்படாத சந்து இருந்தது. அதன் வழியே கீழ் வீட்டின் முகட்டை அடைந்திருக்கிறது. ஒரு குளிப்பில் இறங்குவது ஒரு குவளை நீராக இருக்கலாம். வீட்டிலே ஐந்து பேர், நாளுக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

கொங்கிறீற்றுக்குள்ளே இருக்கும் இரும்புக் கம்பிக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பலமடங்கு இடத்தை அடைக்கின்ற பொருள். இடம் போதாமல் உள்ளிருந்து நெருக்கி, வெளியே இருக்கும் சீமெந்தைப் பிளந்து தள்ளிவிடும். முதியவரின் தலையணைக்கு ஒரு சாண் தூரத்தில் விழுந்தது அவ்வாறு தள்ளப்பட்ட துண்டுதான். முகட்டிலே கறை தோன்றினால் வர்ணம் பூசி மறைத்துவிடும் பழக்கமுள்ளவர்கள் இதனைச் சிறிது சிந்திக்கவேண்டும். அடிக்கின்ற வர்ணம் துருவைத் தடுப்பதில்லை.

வெள்ளைச் சீமெந்து ஏன் ஒவ்வொரு முறையும் வெடித்தது? இதற்கும் மருமகள் ஒரு அடிமட்டத்தை எடுத்துவந்தாள். தொட்டி வெறுமையாக இருந்தபோது இடைவெளி 4 மில்லிமீற்றர். நீர் நிரப்பி, நாமும் உள்ளே இறங்கி நின்றபோது 6 மில்லிமீற்றர்! தொட்டி அசைகிறது. இதை அறியாமலா இத்தனை காலம் குளித்தோம் என்று வியப்பாக இருந்தது.

கணக்கு எளிது. நடுத்தரமான தொட்டி ஒன்றில் 150 லீற்றர் நீர் பிடிக்கும் என்று கொண்டால், அதன் நிறை 150 கிலோகிறாம். அதாவது மூன்று சீமெந்து மூட்டை. குளிப்பவர் அறுபது கிலோ என்றால் நாலாவது மூட்டையும் ஏறி இன்னும் பத்துக் கிலோ மிஞ்சும். பழைய பங்களாக்களில் காணப்படும் வார்ப்பிரும்புத் தொட்டிகள் தாமே பெரும் பாரமானவை, இதற்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை. இக்காலத்து அக்கிறிலிக் தொட்டிகள் மெல்லிய பிளாத்திக்குக் கிண்ணத்தைக் கால்களின்மேல் ஏற்றி வைத்தவை. ஒவ்வொரு குளிப்பிலும் சற்று அமிழ்ந்து, நீர் வெளியேறியதும் மீண்டும் எழும். சீமெந்தோ நெருக்குதலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அசைகின்ற ஒன்றையும் அசையாத ஒன்றையும் இணைக்கவேண்டிய இடத்தில் அதை வைத்தால் வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. மேசனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாமும் அவரிடம் "கொஞ்சம் கெட்டியாகக் குழைத்துப் பூசுங்கள்" என்றல்லவா சொன்னோம்.

இடைவெளியை இளகிய பொருளால் அடைக்கவேண்டும் என்ற அறிவு எமது மக்களுக்குப் புதிதன்று. மரக்கலங்களின் பலகைச் சந்துகளிலே பஞ்சும் நாரும் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயிலே காய்ச்சிப் பூசுவதற்குக் கலப்பற்று என்று தமிழிலே பெயர் உண்டு. அலையிலே பலகைகள் நெளியும்போது தானும் நெளிந்துகொடுக்கின்ற அடைப்பே கடலைக் கப்பலுக்கு வெளியே வைத்திருக்கும். வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த செய்தியை மாணவர்கள் அறிந்திருப்பார்கள். சமுத்திரங்களைக் கடக்கும் மரக்கலம் கட்டிய கரையிலிருந்து வந்தவர்கள், ஒரு குளியற்றொட்டியின் ஓரத்திலே தோற்றுப்போனோம்.

வினாகிரி மணக்கும் பசை

இன்று இந்த வேலைக்கு உகந்தது சிலிக்கோன் என்னும் செயற்கை இறப்பர்ப் பசை. இதன் வரலாறு சுவையானது. இங்கிலாந்திலே நொட்டிங்காம் நகரத்துப் பேராசிரியர் பிரெடெரிக் கிப்பிங் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டுப் பல பத்தாண்டுகள் சிலிக்கன் சேர்ந்த கரிமச் சேர்வைகளை ஆராய்ந்தார். சிலிக்கோன் என்ற பெயரை வழங்கியவரும் அவரே. அவருடைய குடுவைகளின் அடியிலே தங்கிய பிசுபிசுப்பான பொருளை அவர் பெரிதும் ஒரு தொந்தரவாகவே கருதினார். 1940ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த யூஜின் ரொக்கோ என்பவர், இவ்வகைப் பொருள்களைப் பெருந்தொகையாகச் செய்வதற்கான வழியைக் கண்டார். 1969ஆம் ஆண்டிலே சந்திரனில் இறங்கிய மனிதர்கள் அணிந்திருந்த மேற்பாதணியின் அடி சிலிக்கோன் இறப்பராலானது. அதே இனத்துப் பொருள்தான் இன்று கட்டடப் பொருட்கடைகளிலே குழலில் அடைத்து விற்கப்படுகிறது.

மணலிலே இருக்கும் சிலிக்கனும் காற்றிலே இருக்கும் ஒட்சிசனும் மாறிமாறிக் கோத்த சங்கிலியே இதன் முதுகெலும்பு. குழலுக்குள்ளே இருக்கும்வரை பசை. வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறப்பராக இறுகும். கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் வகை இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுவதால் குளியலறை முழுவதும் வினாகிரி மணக்கும். அந்த அமிலம் செம்பு, நாகம் முதலிய உலோகங்களையும் உண்மையான சலவைக்கல்லையும் அரிக்கக்கூடியது. அத்தகைய பொருள்கள் உள்ள இடத்துக்கு அமிலம் வெளிவிடாத நடுநிலை வகையைக் கேட்டு வாங்கவேண்டும். சாதாரணப் பளிங்கோட்டுக்கு எதுவும் பொருந்தும். ஆனால் குளியலறைக்கென்றே பூஞ்சணத் தடை மருந்து சேர்த்துச் செய்த வகையாக இருக்கட்டும். குழலின் பின்புறத்திலே அச்சிட்டிருக்கும் காலாவதித் திகதியை வாசியுங்கள். பழைய சரக்கு ஒழுங்காக இறுகாது. எமக்குக் கடைக்காரர் முதலில் நீட்டிய குழல் திகதி கடந்து எட்டு மாதமாகியிருந்தது.

எவ்வளவு வாங்குவது? எமது தொட்டி மூன்று பக்கம் சுவரைத் தொடுகிறது. நீளம் 1.7 மீற்றர், அகலம் இருபுறமும் 0.7 மீற்றர், ஆக 3.1 மீற்றர். 6 மில்லிமீற்றர் அகலமும் அவ்வளவு ஆழமுமான கோட்டுக்கு 300 மில்லிலீற்றர் குழல் ஒன்று ஏறத்தாழ 8 மீற்றர் வரை வரும். ஒரு குழல் தாராளமாகப் போதும். மாணவர்கள் கணக்கைச் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஆட்டத்தை நிறுத்துக

அவசரப்பட்டு நாம் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பசையை வாங்கிய அன்றே, பழைய அடைப்பின்மேலே பூசிவிட்டோம். ஒரு வாரத்தில் அது பாம்புச் சட்டைபோல ஒரே நீளமாகக் கழன்று கையோடு வந்தது. சிலிக்கோன், அழுக்கில் ஒட்டாது, ஈரத்தில் ஒட்டாது, சவர்க்காரப் படிவில் ஒட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னர் இறுகிப்போன சிலிக்கோனிலும் ஒட்டாது. கழன்ற அந்த வாலைக் கையில் பிடித்தபடி நின்றபோது மருமகள் சிரிக்காமல் இருந்தது அவளுடைய பெருந்தன்மை.

இரண்டாம் முறை ஒழுங்காகத் தொடங்கினோம். தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தோம். நான்கு கால்களிலே ஒன்று உடைந்த ஓட்டுத் துண்டொன்றின்மேல் நின்று ஆடிக்கொண்டிருந்தது. மற்றொன்று தரையைத் தொடவேயில்லை! தொட்டி அசைந்ததற்கு இதுவே பெருங்காரணம். கால்களுக்கு அடியில் அகலமான பாலை மரப் பலகைகளை இட்டு, திருகுகளைத் திருப்பி உயரத்தைச் சமப்படுத்தி, நீர்மட்டம் வைத்துப் பார்த்து, பூட்டுச் சுரைகளை இறுக்கினோம். சுவரோரத்தில் தொட்டியின் விளிம்புக்குக் கீழே ஒரு சட்டத்தையும் சுவரோடு பொருத்தி, விளிம்பு அதன்மேல் அமரும்படி செய்தோம். பாலை தண்ணீருக்கு அஞ்சாத மரம். சாதாரணப் பலகையாயின் நீர் புகாத பூச்சை இட்டே வைக்கவேண்டும். சுவரிலே துளையிடுவோர், உள்ளே குழாய் எங்கே ஓடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். கழிவுக் குழாயைச் சுற்றியிருந்த சந்தையும் அப்போதே பூசி அடைத்தோம். இதற்குப் பின் அளந்தபோது இடைவெளி 4 மில்லிமீற்றரிலிருந்து நாலரைக்குத்தான் விரிந்தது. எந்தப் பசையும் ஆடுகின்ற தொட்டியை நெடுநாள் பிடித்து வைத்திராது. ஆகையால் இவ்வேலையைத் தவிர்த்துவிட்டு மேலே பூசுவது வீண்.

ஓடுகளையும் நாணயக் குற்றியால் தட்டிப் பார்த்தோம். பொள்ளலான ஓசை தரும் ஓடு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது என்று பொருள். எமக்கு இரண்டு ஓடுகள் அவ்வாறிருந்தன. அவற்றைக் கழற்றி மீளப் பதித்தோம்.

பிறகு சுத்தம். பழைய சீமெந்தையும் பசையையும் கூரிய கத்தியால் இருபுறமும் அறுத்து, பிளாத்திக்குச் சுரண்டியால் ஒட்டச் சுரண்டினோம். அக்கிறிலிக்கிலே இரும்புச் சுரண்டி கீறலிடும். கரும்பூஞ்சணம் படிந்திருந்த இடங்களில் நீர் கலந்த வெளுப்புத் திரவத்தைத் தடவிச் சிறிது நேரம் விட்டு நன்றாகக் கழுவினோம். இங்கே தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. வெளுப்புத் திரவத்தோடு மலகூடம் கழுவும் அமிலத்தையோ வினாகிரியையோ ஒருபோதும் கலக்கலாகாது. நச்சு வாயுவாகிய குளோறின் எழும். மூடிய சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. சன்னலைத் திறந்து வைத்து, ஒரு மருந்தை முற்றாகக் கழுவிய பின்னரே மற்றொன்றைத் தொடவேண்டும்.

பின்னர் இரண்டு நாள் காயவிட்டோம். மழைக்காலமாதலால் மின்விசிறியையும் வைத்தோம். அந்நாட்களில் வீடு முழுவதும் அடுத்த கழிவறையில் வாளியும் குவளையுமாகக் குளித்தது. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா, "இப்பதான் குளிச்ச மாதிரிக் கிடக்கு" என்று மனநிறைவோடு சொன்னார். இறுதியாக மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் இரு ஓரங்களையும் துடைத்தோம்.

நீர் நிறைத்துப் பூசுதல்

இனி வருவது பலரும் அறியாத நுட்பம். பசையைப் பூசுவதற்கு முன் தொட்டியை நீரால் நிரப்பவேண்டும்.

காரணம் இது. நீர் நிறைந்து தொட்டி அமிழ்ந்திருக்கும்போதுதான் இடைவெளி அதன் முழு அகலத்தில் இருக்கும். அந்த அகலத்திலே பசை இறுகினால், நீர் வெளியேறித் தொட்டி எழும்போது இறப்பர் நெருக்கப்படும். அடுத்த குளிப்பில் பழைய அகலத்துக்குத் திரும்புமேயன்றி அதற்குமேல் இழுபடாது. வெறுந்தொட்டியில் பூசினால், ஒவ்வொரு குளிப்பிலும் அது இழுபட்டு இழுபட்டு ஒருநாள் ஓரத்தை விட்டுவிடும்.

இடைவெளியின் மேலும் கீழும் கடதாசி ஒட்டுநாடாவை நேர்கோடாக ஒட்டினோம். குழலின் மூக்கை இடைவெளியின் அளவுக்குச் சற்றுக் கூடுதலாக, சரிவாக வெட்டினோம். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, நிறைந்த தொட்டிக்குள் இறங்கி நின்று, ஒரு மூலையிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல், ஒரே சீரான வேகத்தில் பசையைச் செலுத்தினோம். தொட்டியின் உள்ளே நிற்பவரின் பாரமும் பயன்தான். ஒரு பக்கச் சுவர் முடிந்தவுடனே, சவர்க்கார நீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாகத் தடவி, உடனே நாடாவை உரித்தோம். பத்து, இருபது நிமிடத்துக்குள் மேலே தோல் பிடித்துவிடும். அதற்குப் பின் தொட்டால் தழும்பாகும். ஆகையால் மூன்று பக்கத்தையும் முடித்துவிட்டுச் சாவகாசமாகத் தடவுவோம் என்று எண்ணலாகாது. மூலைகளிலே சற்று அழுத்திச் செலுத்துங்கள். நீர் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

அதன் பின் ஒரு முழு நாள் நீரை வெளியேற்றவில்லை. எவரும் குளிக்கவுமில்லை. இப்பசை உட்புறமாக நாளொன்றுக்கு இரண்டு, மூன்று மில்லிமீற்றர் அளவிலேதான் இறுகும். கொழும்பின் ஈரக்காற்று அதற்கு உதவியே செய்கிறது. ஆனாலும் நாம் எச்சரிக்கையாக இரண்டாம் நாள் மாலைதான் அடைப்பை இழுத்தோம். சின்னவன் தொட்டியருகே காவலுக்கு நின்றான், அவனிடமிருந்து தொட்டியைக் காப்பாற்ற மற்றவர்கள் காவல் நின்றார்கள்.

இடைவெளி பத்து மில்லிமீற்றருக்கு மேலே இருந்தால் வெறும் பசையைத் திணிப்பது தவறு. நடுவிலே தொய்ந்துவிடும். நுரைப் பிளாத்திக்காலான உருண்டைக் கயிற்றை முதலில் உள்ளே அழுத்தி, அதன்மேலே பூசவேண்டும். பசை அக்கயிற்றில் ஒட்டாது, மேலும் கீழும் மாத்திரம் ஒட்டி நின்று தடையின்றி இழுபடும். கடைகளில் விற்கும் ஒட்டுப்பட்டிகளை எமக்குப் பிடிக்கவில்லை. ஆறு மாதத்தில் ஓரம் கிளம்பி, உள்ளே பூஞ்சணத்தை வளர்க்கும். புதிதாக வீடு கட்டுவோருக்கு ஒன்று சொல்லலாம். தொட்டியை முதலில் உறுதியாக அமர்த்தி, சுவரோடு நெருக்கி, ஓடுகள் அதன் விளிம்புக்கு மேலே வந்து நிற்கும்படி பதிப்பியுங்கள். எமது வீட்டில் ஓட்டைப் பதித்த பின்னரே தொட்டியைச் செருகியிருந்தார்கள்.

கீழ் வீட்டின் முகடு காய்வதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் எடுத்தன. 2023ஆம் ஆண்டு மாசி மாதத்திலே துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடைப் பூச்சு இட்டு, மீளப் பூசுவித்து, வர்ணமும் அடித்துக் கொடுத்தோம். ஆசிரியர் பாதிச் செலவைத் தர வந்தார், நாம் வாங்கவில்லை. மறுநாள் தட்டு நிறையப் பனங்காய்ப் பணியாரம் வந்தது. ஆண்டுக்கொரு முறை, பருவமழை தொடங்குமுன், நாம் தொட்டியின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதும், அவர் தமது முகட்டை அண்ணாந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. முதியவரின் கட்டில் மாத்திரம் இன்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. முகடு காய்ந்துவிட்டது என்று மகன் எத்தனை முறை சொன்னாலும், "மேல குளிக்கிற சத்தம் கேக்குது" என்பார் அவர்.